போர்டோ என்றால் நீலம்

எங்கள் ஊர்ப்பக்கம் 'போர்டோ' என்ற சொல்லைத் தெரியாத திராட்சை விவசாயி கிடையாது. சந்தேகம் இருந்தால் காமயகவுண்டன்பட்டிக்கு வந்து, பந்தலுக்கு அடியில் நிற்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். போர்டோ தெரியும். அது என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: நீலம்.

இதே கேள்வியை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கேளுங்கள். அடர் சிவப்பு என்பார். அவர் மொழியில் போர்டோ என்பது ஒரு நகரம், அந்த நகரத்தைச் சுற்றி விளைகிற திராட்சையிலிருந்து செய்கிற ஒயின், அந்த ஒயினின் நிறம். மூன்றுக்கும் ஒரே சொல். சட்டை போர்டோ, சோபா போர்டோ, உதட்டுச் சாயம் போர்டோ.

அவர் சொல்வதும் சரி, எங்கள் ஊர்க்காரர் சொல்வதும் சரி. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த போர்டோ, ஒயின் பாட்டிலில் வரவில்லை. மருந்து அடிக்கிற டிரம்மில் வந்தது. போர்டோ கலவை! 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் தெரியும், ஏலக்காய் அழுகலுக்கும் இதுதான். அடித்து முடித்தால் இலை, கல்தூண், கை, வேட்டி எல்லாம் நீலம்.

இதில் என்ன பிரச்சினை, எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். பிரச்சினை இருக்கிறது நண்பர்களே. ஓர் ஊரின் பெயர் எத்தனை தூரம் போகலாம், போனால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கும், போகாவிட்டால் என்ன கிடைக்காது என்பதுதான் பிரச்சினை. கம்பம் பள்ளத்தாக்கின் பெயர் அதன் பழத்தோடு குமுளி தாண்டுவதற்குள் தொலைந்துபோகிறது. அது ஏன் தொலைய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்தப் பிரெஞ்சுக்கார ஊரின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்டே 1882இல் பக்கத்துத் தோட்டப் பகுதியான சேன் ஜூலியன் வழியாகப் போகும்போது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். உள்ளே இருக்கிற கொடியெல்லாம் இலை கொட்டிக் கிடக்கிறது. சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நிற்கின்றன. விசாரித்தால், போகிற வருகிறவர்கள் பழம் திருடாமல் இருக்க சாலையோர வரிசைக்கு மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவைத்திருக்கிறார்களாம். பார்க்க விஷம் மாதிரி இருக்கும், ஒருவனும் கைவைக்க மாட்டான். (திருட்டுக்குப் பயந்து வைத்தியம் கண்டுபிடித்த ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும்!) அவர் அதைச் சோதித்து 1885இல் வெளியிட்டார். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'போர்டோ கூழ்' என்கிற பொருளில் வரும். பூச்சிக்கொல்லிக் கடைகளும் பாக்டரிகளும் வருவதற்கு முன்பே உலகமெல்லாம் பரவிய மருந்து அது.

ஆக ஒயினில் அந்த ஊர், நிறத்தில் அந்த ஊர், மருந்திலும் அந்த ஊர். பக்கத்து வீட்டு பர்கண்டி சும்மா இருக்குமா? அதுவும் ஒரு பிரதேசம், ஒரு ஒயின், ஓர் அடர் சிவப்பு. பிரெஞ்சுக்காரன் போர்டோ என்று சொல்லும் நிறத்தைத்தான் ஆங்கிலேயன் ஏறக்குறைய பர்கண்டி என்கிறான். சுண்ணாம்புக்குப் பதில் சலவை சோடா போட்டுக் கலக்கினால் அதற்குப் பெயர் பர்கண்டி கலவை. வேளாண்மை படிக்கிற நண்பர்கள் பரீட்சைக்கு இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்பீர்கள். போதாக்குறைக்கு போர்டோ ஒயினுக்கு ஆங்கிலேயன் தனியாக 'கிளாரெட்' என்றொரு பெயர் வைத்தான், அதுவும் ஒரு நிறமானது. வெஸ்ட் ஹாம், ஆஸ்டன் வில்லா ரசிகர்களே, நீங்கள் உயிரை விடுகிற அந்த ஜெர்சியின் 'கிளாரெட்' போர்டோ ஒயினின் பெயர்தான்.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம்.

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று நீளும் இந்தப் பள்ளத்தாக்கில் 2,000 ஏக்கருக்கு மேல் பன்னீர் திராட்சை. தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் சுமார் 85 சதவீதம் இங்கேதான் என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே வருடம் முழுக்க, ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்தால் இன்னொரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். மேற்கே மலை, 1895இலிருந்து பெரியாறு அணைத் தண்ணீர், செம்மண். வேறென்ன வேண்டும்?

இந்தப் பழத்துக்குப் பெயர் என்ன? விஞ்ஞானிகளைக் கேட்டால் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஹாம்பர்க் என்பது ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். அங்கே பந்தல் போட்டு திராட்சை வளர்க்கிற குளிரா அடிக்கிறது? ஆனாலும் பெயர் அதுதான். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்ததாக இங்கே சொல்லப்படுகிறது. யார் கொண்டுவந்தால் என்ன, தலைமுறை தலைமுறையாக வளர்த்தது எங்கள் ஆட்கள். கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நிலம் எங்களுடையது, வேர்வை எங்களுடையது, கடன் எங்களுடையது. பழத்தின் மேல் ஜெர்மன்காரன் ஊர்ப்பெயர், மருந்தின் மேல் பிரெஞ்சுக்காரன் ஊர்ப்பெயர். எங்கள் ஊர்ப்பெயர் எங்கே?

மதுரையிலோ சென்னையிலோ தள்ளுவண்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "கருப்பு திராட்சைண்ணே", "பன்னீர்ணே" என்பார். எந்த ஊர் என்று கேட்டால் "மார்க்கெட்லேர்ந்து வருது" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியில் எழுதியிருந்தால்தானே அவர் சொல்ல முடியும்?

இந்த இடத்தில் எங்கள் ஊர் சித்தப்பா ஒருவர் சொல்கிற ஆட்சேபத்தை அப்படியே தருகிறேன். "பேரு கெடக்குது தம்பி, ரேட்டு என்னன்னு சொல்லு." நியாயமான பேச்சு. மூன்று நாள் மழை பெய்தால் பழம் வெடிக்கும். வெட்டிய பன்னீர் திராட்சை ரொம்ப நாள் தாங்காது, காம்பிலிருந்து உதிரும். இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு வியாபாரியிடம் வீம்பு பண்ண முடியாது. அவர் சொன்னதுதான் விலை.

ஆனால் சித்தப்பா, நான் கேட்பதும் ரேட்டைப் பற்றித்தான். மல்லிகை எத்தனை மணி நேரம் தாங்கும்? திராட்சையைவிடக் குறைவு. ஆனால் பூக்கடையில் நிற்கிற அக்கா "மதுரை மல்லியா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார். 2013இல் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு ரொம்ப காலம் முன்பே மதுரை என்ற பெயர் அந்தப் பூவோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப்பெயர் சொல்லி ஒருவர் கேட்கிற நொடியில், விற்கிறவருக்கு வேறு ஊர்ச் சரக்கை அதே விலைக்குத் தள்ள முடியாது. பெயர் இல்லாத பழம் எந்த ஊர்ப் பழத்தோடும் போட்டி போட வேண்டும். பெயர் உள்ள பழம் தன்னோடு மட்டும்தான் போட்டி போடுகிறது.

"அதுதான் 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடே வாங்கியாயிற்றே, இன்னும் என்ன புலம்பல்?" என்று ஒரு கூட்டம் கேட்கும். வாங்கியாயிற்று. பட்டாசு வெடித்தாயிற்று. பேப்பரில் போட்டோ வந்தாயிற்று. அப்புறம்?

புவிசார் குறியீடு ஒரு பட்டம் அல்ல, கும்பிட்டுவிட்டு பூஜையறையில் மாட்டுவதற்கு. 1999இல் இயற்றி 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. பெயரைப் பதிவு செய்கிற அமைப்பு ஒன்று. அதன்பிறகு ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் சட்டப்படி அந்தப் பெயரை அவர் பெட்டியில் போடலாம், போலி வந்தால் வழக்குத் தொடுக்கலாம். பதிவுக்கு ஆயுள் பத்து ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். பயனாளர் இல்லாத, பெட்டியில் ஏறாத குறியீடு என்பது ரேஷன் கார்டு வாங்கி வைத்துக்கொண்டு கடைக்கே போகாமல் இருப்பது போல.

பெயர் தானாகப் பரவினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நம் சரித்திரத்திலேயே பாடம் இருக்கிறது. 'காலிகோ' என்று உலகமே சொன்ன துணி கோழிக்கோட்டின் பெயர். 'மெட்ராஸ்' என்று அமெரிக்காவில் சட்டை விற்றது நம் தலைநகரின் பெயர், நம் கட்டம் போட்ட துணி. பெயர் கடல் தாண்டியது. நெய்தவனுக்கு என்ன வந்தது? பெயர் மட்டும் போனால் அது கொள்ளை. பெயரோடு உரிமையும் போனால்தான் வியாபாரம். போர்டோக்காரர்கள் 1936இல் தங்கள் பெயருக்குச் சட்ட வேலி போட்டார்கள். எந்த எல்லைக்குள் விளைந்தது, எந்த ரகம், எப்படிச் செய்தது என்று எல்லாவற்றுக்கும் விதி. வெளியில் விளைந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

இனிதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம்.

1995இல் உலக வர்த்தக அமைப்போடு ட்ரிப்ஸ் ஒப்பந்தம் வந்தது. ஊர்ப்பெயர்களின் பாதுகாப்புக்கு அதில் இரண்டு விதிகள். 22ஆவது விதி எல்லாப் பொருளுக்கும் பொது: வாங்குகிறவரை ஏமாற்றுகிற மாதிரி ஊர்ப்பெயர் போடக்கூடாது. ஏமாற்றினான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 23ஆவது விதி தனி: ஏமாற்றினாலும் ஏமாற்றாவிட்டாலும் போடக்கூடாது. உண்மையான ஊரைப் பக்கத்திலேயே எழுதினாலும் கூடாது. 'போர்டோ வகை', 'போர்டோ பாணி' என்றுகூட எழுதக்கூடாது. இந்த இரண்டாவது, பலமான பாதுகாப்பு எதற்கெல்லாம் தெரியுமா? இரண்டே சரக்குக்கு. ஒயின், சாராய வகைகள்.

திரும்ப ஒருமுறை படித்துவிடுங்கள். திராட்சை பழமாக இருக்கும்வரை அதன் ஊர்ப்பெயருக்கு முள்வேலி. அதே திராட்சை புளித்துப் பாட்டிலுக்குள் போனால் கோட்டைச் சுவர்! குழந்தை சாப்பிடுகிற பழத்தின் பெயரைவிட, குடிக்கிறவன் கிளாஸில் இருப்பதன் பெயருக்கு உலகச் சட்டம் அதிக மரியாதை கொடுக்கிறது. ஏன்? ஒயின் ஐரோப்பாவின் சரக்கு. பேச்சுவார்த்தை மேஜையில் பலமாக உட்கார்ந்தவர்கள் அவர்கள். இந்தப் பாகுபாட்டை நீக்கி எல்லாப் பொருளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியா பல ஆண்டுகள் ஜெனீவாவில் வாதாடியது. சரி, ஜெனீவா கேட்கவில்லை, டெல்லியாவது கேட்கலாமே? நம் 1999 சட்டத்தின் 22ஆவது பிரிவிலேயே ஒரு கதவு இருக்கிறது. எந்தப் பொருளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய அரசு நினைக்கிறதோ, அதை அறிவிக்கை வெளியிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஒயினாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. பழத்தையும் சேர்க்கலாம், பூவையும் சேர்க்கலாம். எங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதவு இருப்பது தெரியும்?

"அப்படியானால் நீங்களும் ஒயின் செய்யுங்கள், கோட்டைக்குள் வாருங்கள்" என்று அடுத்த ஆலோசனை வரும். பொருளாதாரம் படிக்கிற நண்பர்களுக்கு இது ரொம்பப் பிடித்த ஆலோசனை. மதிப்புக் கூட்டல் என்பார்கள். செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. இந்த ரகத்தில் ஒயின் செய்கிற நாடுகள் உண்டு. செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் தமிழ்நாட்டில் 'ஒயின்' என்ற சொல்லுக்கு நடந்த கதி தெரியும்தானே? 'ஒயின் ஷாப்' என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிற கடையில் போகிறது பிராந்தியும் ரம்மும். அதிலும் பெரும்பாலானது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சியது. திராட்சைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 2003இலிருந்து அரசே நேரடியாகக் கடை நடத்துகிறது. இந்த மாநிலத்தில் 'ஒயின்' என்ற சொல் இரண்டு இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது: திராட்சையே இல்லாத கடையின் பெயரிலும், ஜவுளிக்கடையின் 'ஒயின் கலர்' புடவையிலும். நடுவில் இருக்க வேண்டிய பழத்தையும் அதை விளைவித்தவரையும் காணோம்.

காமயகவுண்டன்பட்டி காந்திக்குக் கோயில் கட்டிய ஊர். சுதந்திரப் போராட்டத் தியாகிகள் நிறையப் பேர் பிறந்த ஊர். அந்த ஊரைப் பார்த்து, 'உன் பழத்துக்கு மரியாதை வேண்டுமானால் அதை மதுவாக்கு' என்று சொல்வது என்ன நியாயம்? நான் மதுவிலக்குப் பிரசங்கம் செய்ய வரவில்லை. பழம் பழமாகவே கௌரவமாக வாழக்கூடாதா என்றுதான் கேட்கிறேன். பழமாகத் தின்பதற்காகவே வளர்த்த பழம் இது.

சட்டத்தையும் ஐரோப்பாவையும் திட்டிவிட்டு எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. பெயர் என்றால் உரிமை மட்டும் இல்லை, கட்டுப்பாடும்தான். 1395இல் பர்கண்டியின் பிரபு துணிச்சல்கார பிலிப், காமே என்ற ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். நிறையக் காய்க்கும், சீக்கிரம் காய்க்கும், ஆனால் அந்த மண்ணின் ஒயின் பேரைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. பிரபுவின் அதிகாரம் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கறார் வேண்டும். பண்டிகை விலைக்கு ஆசைப்பட்டு, இனிப்பு ஏறுமுன்னே செங்காயோடு வெட்டி அனுப்புகிற ஒவ்வொரு பெட்டியும் கம்பத்தின் பேரில் விழுகிற அடி. புளித்த பழம் வாங்கிய ஒரு குடும்பம், அடுத்த தடவை ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்காது, கேட்டு ஒதுக்கும். இத்தனை இனிப்பு ஏறிய பிறகுதான் கம்பம் என்ற முத்திரை, அதற்குக் கீழே இருந்தால் பெயரில்லாமல் போகட்டும் என்று விவசாயிகளே கூடி ஒரு விதி போட முடியாதா? பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிற, பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிற பள்ளத்தாக்கு இது. ஒரு பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்று இந்த ஜனங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று, விவசாயிகளைப் பயனாளராகப் பதிய வைக்கிற வேலையை தோட்டக்கலைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டுச் செய்யட்டும். படிவத்தைத் தேடி விவசாயி அலையக்கூடாது.

இரண்டு, பள்ளத்தாக்கை விட்டுப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற நான்கு விரல் அகலச் சீட்டு. அதில் ஊர்ப்பெயரும் வெட்டிய தேதியும். காமயகவுண்டன்பட்டி என்று முழுசாக எழுத இடம் போதாது என்று சொல்லாதீர்கள், எங்கள் பஸ் போர்டிலேயே இடம் இருக்கிறது :-)

மூன்று, 22ஆவது பிரிவின் கதவைத் திறக்கச் சொல்லி டெல்லிக்குக் கோரிக்கை. மாநில அரசு எழுதட்டும், எம்.பி. கேட்கட்டும்.

நான்காவது கொஞ்சம் ஆசை. நம் நிறங்களின் பெயரைப் பாருங்கள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு. எல்லாம் நம் தோட்டத்திலும் காட்டிலும் பார்த்து வைத்த பெயர்கள். எப்போது 'ஒயின் கலர்', 'பர்கண்டி' என்று கேட்க ஆரம்பித்தோம்? 'மெரூன்' கூட பிரெஞ்சுக்காரனின் செஸ்ட்நட் கொட்டையின் பெயர். இதே தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடுகிறது. பழுத்த பன்னீர் திராட்சையின் தோலில், கருநீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம் உண்டு, மேலே சாம்பல் பூத்த மாதிரி. அந்த நிறத்தில் ஒரு சேலை நெய்து அதற்குக் 'கம்பம்' என்று பெயர் வைத்தால் யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

போர்டோ கலவை சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. இரும்பு அரிவாளை அதில் முக்கி எடுப்பார்கள். செம்பழுப்பாகச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் போட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். ஒன்றும் படியாவிட்டால் சரி. உலகமெல்லாம் சிவப்பாகத் தெரிகிற போர்டோ எங்கள் ஊரில் சிவந்து தெரிந்தால் கலவை தப்பு என்று அர்த்தம்!

அந்த ஊர்ப்பெயரை நீலமாக, சிவப்பாக, ஒயினாக, சட்டையாக எல்லோரும் சுமக்கிறோம். சுமக்கட்டும், அவர்கள் சம்பாதித்த பெயர் அது. எங்கள் பெயரை நாங்கள் முதலில் எங்கள் பெட்டியில் ஏற்றுகிறோம். நீங்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை திராட்சை வாங்கும்போது, கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஊர் என்று கேளுங்கள்.